கிர் பெண் சிங்கத்தின் கணக்கு

இராஜாக்கமங்கலத்தில் இருந்துகொண்டு ஆப்பிரிக்க சிங்க வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறவன் நான். அங்கே ரெண்டு மூணு ஆண்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு பெண் கூட்டத்தைப் பிடித்தால், முந்தைய ஆண்களின் குட்டிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடும். குட்டி போனால்தான் தாய் சீக்கிரம் மறுபடி இணைசேரும்.

நம்ம குஜராத் கிர் காட்டில் கதை வேற. ஆண்கள் தனி, பெண்கள் தனி. இணைசேரவும் பெரிய இரை விழுந்தாலும்தான் சந்திப்பு. புள்ளிமானைப் பங்கு போட்டால் யாருக்குக் காணும்?

ஸ்தோத்ர சக்ரபர்த்தியும் ஒய்.வி. ஜாலாவும் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் அசந்துபோனேன். ஒரே பெண் சிங்கம், சுற்றுவட்டாரத்தில் ஒன்றுக்கொன்று எதிரியான பல ஆண் கூட்டணிகளோடும் இணைசேருதாம். குட்டி தன்னுடையதோ என்ற சந்தேகத்தில் எந்த ஆணும் அதைத் தொடுவதில்லை. முன்பின் பழகாத ஆண் வந்தால்தான் குட்டிக்கு ஆபத்து.