ஓட்டைப் படகை வீட்டிலேயே சரிசெய்யலாம்!

பேராக், பெர்ணம், லங்காட் ஆறுகளின் ஓரத்தில் இருப்போர் சிலர், ஓய்வு நாளில் சிறிய பைபர்கிளாஸ் படகில் மீன் பிடிக்கப் போவதுண்டு. மரக்கட்டையில் மோதிப் படகு உடைந்தால், தாரைப் பூசிவிட்டு மறுபடியும் இறங்குகிறார்கள். இது ஆபத்து. நடு ஆற்றில் ஒட்டு பெயர்ந்தால், கூட வந்த பிள்ளைகளின் கதி என்ன? முறையறிந்து செய்தால் நாமே உறுதியாக ஒட்டலாம்.

முதலில் சோதனை

உடைந்த இடத்தைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல பாகம். மந்தமாக ஒலித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. அதையும் வெட்டி எடுக்க வேண்டும். படகை நல்ல தண்ணீரில் கழுவி, கூரையடியில் சில நாள் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் ஒட்டு பிடிக்காது.

ஒட்டும் முறை

1. ஓட்டையின் உட்புற ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கவும். சரிவின் அகலம் படகின் கனத்தைப்போல் 12 மடங்கு இருக்கட்டும். 4 மில்லிமீட்டர் கனமானால் சுமார் 5 சென்டிமீட்டர்.

2. வெளிப்புறத்தில் மெழுகு பூசிய வழவழப்பான தகட்டை இறுக்கி வைக்கவும்.

3. 100 கிராம் பிசினுக்குக் கெட்டியாக்கும் மருந்து 1 முதல் 2 கிராம். டின்னில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். நம் நாட்டு வெயிலுக்குச் சீக்கிரமே இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

4. கண்ணாடி நார்ப்பாயை ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டி, பிசினில் நனைத்து அடுக்குங்கள். காற்றுக் குமிழிகளை உருளையால் அழுத்தி வெளியேற்றுங்கள். 450 கிராம் பாய் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் தரும்.

5. மறுநாள் தேய்த்துச் சமப்படுத்தி, வெளிப்புறத்தில் மேற்பூச்சு அடிக்கவும்.

தாய்மார்கள் கவனிக்க!

கெட்டியாக்கும் மருந்து கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீரால் கழுவி, மருத்துவமனைக்கு விரையுங்கள். கோபால்ட் மருந்தைத் தனியாகக் கொடுத்தால், அதைப் பிசினில் முதலில் கலந்துவிட வேண்டும். இரண்டு மருந்துகளையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். மீந்த கலவை தானாகவே கொதிக்கும். ஆறும்வரை வெளியே வையுங்கள். அடுப்பு, சிகரெட் பக்கத்தில் கூடாது. தேய்க்கும்போது கண்ணாடியும் முகமூடியும் அவசியம்.

இயந்திரம் மாட்டும் பின்பலகையோ அடிமுதுகோ உடைந்திருந்தால் பட்டறைதான் வழி. ஒட்டிய படகை முதலில் கரையோரத்தில் மிதக்கவிட்டுப் பாருங்கள். எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும், மிதவைச் சட்டையில்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.