பூட்டிய சர்வர்: 10 நிமிடமும் 2 வாரமும்

1984-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் ரூ.10 கோடி. 2022-23-இல் அது சுமார் ரூ.34,350 கோடி. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு ரூ.114.5 கோடி. இவ்வளவு சரக்குக்கும் பில் போட்டாக வேண்டும். பில் போடும் சர்வர் பல யூனிட்டுகளில் வாடகைக்கு எடுத்தது, வேறு ஊரில் இருப்பது.

கணினி இல்லாமல் சமாளிக்கும் வழி சட்டத்தாலும் சுருங்கிவிட்டது. 2020 அக்டோபரில் மின்-விலைப்பட்டியல் கட்டாயமானபோது வரம்பு ரூ.500 கோடி விற்றுமுதல். 2022 அக்டோபரில் ரூ.10 கோடி, 2023 ஆகஸ்டில் ரூ.5 கோடி. 34 மாதங்களில் வரம்பு நூறில் ஒரு பங்கு. 2025 ஏப்ரல் 1 முதல் ரூ.10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆகவே சர்வர் ஒரு நாள் நின்றால் தாமதம். 30 நாள் நின்றால் விதிமீறல்.

சர்வருக்குள் நுழைய முடியாமல் பூட்டிக்கொள்வதில் மிக மலிவானது, நாமே செய்துகொள்வது. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக உள்ள ஃபெயில்2பேன் மென்பொருளின் இயல்பு அமைப்பில், 10 நிமிடத்துக்குள் 5 முறை பாஸ்வேர்டு தவறினால் அந்த இணைய முகவரிக்கு 10 நிமிடத் தடை. காத்திருக்கலாம், அவசரமென்றால் மொபைல் இணைப்பிலிருந்து, அதாவது வேறு முகவரியிலிருந்து, நுழையலாம். செலவு ரூ.0. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையின் இயல்பு வரம்பு, ஓர் இணைப்புக்கு 6 முயற்சி. மடிக்கணினியில் பாஸ்வேர்டுக்குப் பதிலான 8 சாவிக் கோப்புகள் வரிசையாக ஏற்றப்பட்டு, சரியானது 7-ஆவதாக இருந்தால், அதன் முறை வருமுன்பே தொடர்பு அறுந்துவிடும். எந்தச் சாவி என்று கட்டளையிலேயே குறிப்பிட்டால் தீர்ந்தது. எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட்டைத் திறக்காமல் ஃபயர்வாலை இயக்கியவருக்கு அடுத்த லாகின் கிடைக்காது. அவர் வாடகை நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

சாவிக் கோப்பே தொலைந்தால் வேலை கூடும். சர்வரை நிறுத்தி, வட்டைக் கழற்றி, இன்னொரு சர்வரில் மாட்டி, புதிய சாவியை எழுதி, திரும்ப மாட்ட வேண்டும். எழுதும்போது கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600 என்ற அனுமதி எண்களைக் கவனிக்க வேண்டும். மற்றவர் எழுதக்கூடிய கோப்பு என்றால் சர்வர் அந்தச் சாவியை ஏற்காது. பழகியவர் சில மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஆனால் வாடகைக் கணக்கின் லாகின் யாரிடம் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். வேலையை விட்டுப் போன ஊழியரின் மின்னஞ்சலில் அது இருந்தால் மணிக்கணக்கு நாள்கணக்காகும்.

வெளியாள் பூட்டினால் கணக்கே வேறு. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகளை முடக்கியவர்கள் பிணைத்தொகையாகக் கேட்டது 1,950 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் ரூ.1.4 லட்சம். ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடி உள்ள யூனிட்டின் ஒரு நாள் விற்றுமுதல் ரூ.1.67 லட்சம். கேட்கும் தொகை ஒரு நாள் வியாபாரத்தைவிடக் குறைவு என்பதால் கொடுத்துவிடத் தோன்றும். கொடுத்தாலும் கோப்புகள் திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸில் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டும், இணையச் சேவைகள் திரும்ப ஏறத்தாழ 2 வாரம் பிடித்தது.

மீட்பின் வேகத்தைப் பேக்கப் இருக்கும் இடமும் முடிவு செய்கிறது. 200 கிகாபைட் தரவை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இறக்க, வேகம் குறையாவிட்டால், 16,000 விநாடி: 4 மணி 27 நிமிடம். 1.3 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 29 மணி. அலுவலகத்திலேயே, பிணையத்திலிருந்து கழற்றி வைத்த வட்டுக்கு இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி இல்லை. வட்டு ஒன்றுக்கு ரூ.7,000 என்று வைத்து, மாற்றி மாற்றி எழுத 2 வட்டு வாங்கினால் ரூ.14,000, ரூ.5 கோடி யூனிட்டின் ஒரு நாள் விற்றுமுதலில் 8.4 சதவீதம்.

தாக்குதல் என்று தெரிந்த கணத்திலிருந்து இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும், 180 நாள் கணினிப் பதிவேடுகளை (லாக்) வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடுகள் பூட்டிய சர்வரிலேயே இருந்தால், 6 மணி நேரத்தில் காட்ட எதுவும் இருக்காது.