பத்துமலையின் அடிவாரம் யாருக்கு?

பத்துமலை என்னும் பெயரில் உள்ள 'பத்து' நம் தமிழ் எண் அன்று. அருகில் ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயரிலிருந்து வந்த மலாய்ச் சொல் அது; பொருள் 'கல்'. மலாய்க் கல்லும் தமிழ் மலையும் சேர்ந்த இப்பெயர் ஓர் உண்மையை நினைவூட்டுகிறது. அவ்விடம் முதலில் ஒரு கல். பிறகுதான் நமக்குக் கோயில். தைப்பூசத்திற்கு ஜொகூரிலிருந்து பேருந்தேறிச் செல்லும் நாம் 272 படிகளை எண்ணி ஏறுகிறோம். அப்படிகளைத் தாங்கி நிற்கும் கல்லைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

கோயில் வளர்ந்தது, நிலமும் விலையேறியது

1890களின் தொடக்கத்தில் கே. தம்புசாமிப் பிள்ளை இக்குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். 1892 முதல் இங்குத் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை சிமெண்டுப் படிகளாயின. 2006இல் 140 அடி உயர முருகன் சிலை எழுந்தது. 2010இல் கொமுட்டர் இரயில் பத்துமலைவரை வந்தது. போக்குவரத்து எளிதானால் பக்தர் மட்டுமா வருவர்? வீடமைப்பு மேம்பாட்டாளரும் வருவர்.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் மலைக்கு அருகே 29 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழவிருப்பதை எதிர்த்துக் கோயிலில் பெருந்திரளாக மக்கள் கூடினர். அத்திட்டத்திற்கு 2007ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்திருந்தது. யார் ஆட்சியில் அனுமதி வந்தது, யார் ஆட்சியில் தடுக்கத் தவறினர் என்று அரசியல்வாதிகள் ஒருவரை ஒருவர் சாடினர். எதிர்ப்பு வலுத்தபின் பணிகள் நிறுத்தப்பட்டன. நமக்கு அது வெற்றிதான். எனினும், அனுமதிக்கும் எதிர்ப்புக்கும் இடையில் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன என்பதை நாம் மறக்கலாகாது.

சுண்ணாம்புக் கல்லின் குணம்

அன்று பலர் பேசியது கோபுரத்தை மறைக்கும் உயரத்தைப் பற்றி. ஆனால், உயரத்தைவிட அடித்தளமே பெரிய கேள்வி. பத்துமலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமையான சுண்ணாம்புக் கல் மலை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்நீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சிறிது சிறிதாக அதைக் கரைக்கிறது. நாம் வழிபடும் குகை இவ்வாறு உருவானதே. இதே செயல் மண்ணுக்கு அடியிலும் நடப்பதால், மலையைச் சுற்றிய நிலத்தின் கீழும் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் இருக்கக்கூடும். அங்கே நிலத்தடி நீரை இறைத்தாலும் நீரோட்டத்தைத் திருப்பினாலும் மேல்மண் திடீரென உள்வாங்கலாம். அடிவாரம் அரிக்கப்பட்டால் மேலே தொங்கும் பாறை பிடிமானம் இழக்கும்.

இது வெறும் அச்சமன்று. 1973 அக்டோபரில் ஈப்போவின் குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றிலிருந்து பெரும்பாறை சரிந்து, அடிவாரத்து நீண்ட வீட்டில் வாழ்ந்த சுமார் 40 பேர் மாண்டனர். அக்குன்றின் அடியிலும் முருகன் கோயில் உண்டு, தைப்பூசமும் உண்டு.

மலையில் குடியிருப்போர்

கோயில் குகைக்குப் பக்கத்தில் இருட்டுக் குகை உள்ளது. தன் வளைக்குத் தானே கதவு செய்து அதன் பின்னே பதுங்கும் அரிய சிலந்தியினம் ஒன்று அங்கு வாழ்கிறது. பத்துமலையின் பெயரையே அதற்கு அறிவியலார் சூட்டியுள்ளனர். தேன் உண்ணும் வௌவால்களும் அங்குண்டு. இரவில் மலரும் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை இவைதாம். 1970களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை கடலோரச் சதுப்புநிலக் காட்டுப் பூக்களைத் தேடி முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறப்பதைக் கண்டறிந்தனர். குகையில் அவற்றுக்கு அமைதி குலைந்தால், எங்கோ ஒரு கம்பத்தில் டுரியான் காய்ப்புக் குறையும். இருட்டுக் குகை 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

நமக்கும் அதே அளவுகோல்

மலையின் பக்கங்களைக் கல்லுக்காக உடைக்கும் வேலை 1980களில் நின்றது. அந்தக் காயங்கள் ஆற மரங்களும் காலமும் வேண்டும். இது முடியும் என்பதற்குத் திருவண்ணாமலை சான்று. மொட்டையாகிக் கிடந்த அம்மலையில் 1988 முதல் மறுகாடாக்கச் சங்கமும் பின்னர் வேறு தொண்டர்களும் நாற்றங்கால் அமைத்து, கன்று நட்டு, தீத்தடுப்புப் பாதைகள் வெட்டிப் பசுமையை மீட்டு வருகின்றனர். அதே மலையின் சரிவிலும் அடிவாரத்திலும் வீடுகளும் பெருகின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் புயல்மழையால் ஏற்பட்ட மண்சரிவில் அங்கு ஏழு பேர் உயிரிழந்தனர். மேலே மரம் நடுவது மட்டும் போதாது. அடிவாரத்தில் கட்டாமல் விடவும் தெரியவேண்டும்.

இவ்விதி மேம்பாட்டாளருக்கு மட்டுந்தானா? கோயில் தரப்பிலிருந்து வரும் கட்டுமானங்களுக்கும் இது பொருந்த வேண்டும். 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோது, அனுமதி பெறப்படவில்லை என்று தேசிய மரபுடைமைத் துறை கூறியது. அண்மையில் மின்படிக்கட்டுத் திட்டமும் பேசப்படுகிறது. முதியோருக்கு அது உதவும்; மறுப்பதற்கில்லை. ஆனால், 'பாறை தாங்குமா?' என்று அடுத்தவரிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்பதுதானே நேர்மை?

மலையும் மலைசார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் சேயோனைத் தெய்வமாக வைத்தது. நிலம் இல்லாமல் தெய்வத்தைத் தனியே சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நாம் செய்யக்கூடியது என்ன? 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஊராட்சி மன்றங்கள் தங்கள் வட்டாரத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க நமக்கு உரிமையுண்டு. எந்த நிலம் வீடமைப்புக்கு, எந்த நிலம் பசுமைக்கு என்பது அவ்வரைபடத்திலேயே வகுக்கப்படுகிறது. பாரந்தூக்கி வந்து நிற்கும்போது திரள்வதைவிட, வரைபடம் விரிக்கப்படும்போது பத்துப் பேர் சென்று படிப்பது பயன்தரும். இஸ்கந்தர் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறுவதைக் கண்ணெதிரே காணும் ஜொகூர் மாணவர்களுக்கு இது புதிதன்று. நம் கழகத்தில் நில அளவை, கட்டுமானப் பொறியியல், நகரத் திட்டமிடல் பயில்வோர் இருக்கின்றனர். பயின்று பணியில் அமர்ந்த மூத்தோரும் இருக்கின்றனர். அவ்வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களே. காவடி தூக்கும் தோள்கள் நம்மிடம் குறைவில்லை. வரைபடம் படிக்கும் கண்களும் சேரட்டும்.