ஒரு பாடகருக்காக 14 ஆண்டுகள்

மும்பையில் குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றி 1985ஆம் ஆண்டு ஓர் ஆவணப்படம் வந்தது. இந்தியில் அதன் பெயர் ‘ஹமாரா ஷஹர்’. ‘நம்ம ஊர்’ என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்தவர் ஆனந்த் பட்வர்தன். புல்டோசர், போலீஸ், அழுகிற பெண்கள், ‘நகரம் அழகாக இருக்க வேண்டாமா?’ என்று கேட்கிற வசதி படைத்தவர்கள் எனப் பல முகங்கள் அதில் வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஒருவர் பாடுகிறார். ஏழைகள் படும் பாட்டைச் சொல்லும் பாட்டு, அவரே கட்டியது. ஒருமுறை கேட்டால் குரல் காதை விட்டுப் போகாது.

அவர் பெயர் விலாஸ் கோக்ரே, தலித் பாடகர். 12 ஆண்டுகள் கழித்து, 1997 ஜூலையில் அவர் இறந்துபோனார். அதே மாதம் பட்வர்தன் இன்னொரு படத்தைத் தொடங்கினார். முடிக்க 14 ஆண்டுகள் ஆயின. ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்ற அந்தப் படம் 2011இல் வெளிவந்தது. கல்லூரிகளில் சமூகவியலோ, ஊடகவியலோ படிக்கும் மாணவர்கள் படத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் பின்னால் இருக்கும் பாடகரைப் பற்றித் தமிழில் பேச்சு குறைவு.

விலாஸ் தனி ஆளாக முளைத்தவர் அல்லர். மராட்டிய மண்ணில் பாட்டுக் கட்டிப் பாடுபவரை ‘ஷாஹிர்’ என்பார்கள். ஜோதிராவ் புலே 1873இல் தொடங்கிய சத்யசோதக் சமாஜத்தின் வழியில் வந்தவர்கள், நாட்டுப்புறக் கூத்தான தமாஷாவின் மெட்டையும் கேலியையும் எடுத்துக்கொண்டு, அதில் சாதி எதிர்ப்பை ஏற்றினார்கள். அதற்கு ‘ஜல்சா’ என்று பெயர். அம்பேத்கர் காலத்தில் ‘பீம் ஜல்சா’ ஊர் ஊராகப் போனது. எழுத்து தெரியாத மக்களிடம் மகாத் குளத்துப் போராட்டமும், நாசிக் கோயில் நுழைவும், பின்னாளில் பௌத்தமும் பத்திரிகை வழியாகப் போய்ச் சேரவில்லை. பாட்டு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஹல்கி என்ற தோல்கருவியும் அங்கே உண்டு. நம் பறையைப் பார்த்தவர்களுக்கு ஹல்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வடிவமும் ஒன்றுபோலத்தான், அதை அடிக்கிறவர்கள் மேல் ஊர் சுமத்திய இழிவும் ஒன்றுபோலத்தான்.

இந்த மரபில் இரண்டு பேரையாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் வாமன்தாதா கர்டக். நாசிக் மாவட்டத்தில் பிறந்து, மும்பைக்குப் பிழைக்க வந்து, வளர்ந்த பிறகே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அம்பேத்கரைப் பற்றி ஆயிரக்கணக்கில் பாடல்கள் எழுதினார். 2004இல் இறந்தார். இன்றும் ஏப்ரல் 14 அன்று மகாராஷ்டிரத்தின் எந்தத் தலித் குடியிருப்புக்குப் போனாலும் ஒலிபெருக்கியில் அவர் பாட்டு இருக்கும். மற்றவர் அண்ணாபாவ் சாத்தே. சாங்லி மாவட்டத்தில் மாங் சாதியில் பிறந்தவர், பள்ளிப் படிப்பே இல்லாதவர், மும்பை ஆலைத் தொழிலாளியாகி, செங்கொடிக் கலைக்குழுவை 1944இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர். ‘ஃபக்கீரா’ என்ற தன் நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கை ஆக்கினார். நீலமும் சிவப்பும் ஒரே மனிதரிடம் சண்டை இல்லாமல் இருந்தன.

விலாஸ் கோக்ரேயிடம் அந்தச் சண்டை இருந்தது. அவர் ‘ஆவாஹன் நாட்டிய மஞ்ச்’ என்ற இடதுசாரிக் கலைக்குழுவில் பாடினார். ஆலை வாசல், குடிசைப்பகுதி, வேலைநிறுத்தப் பந்தல் என்று அதன் மேடைகள் இருந்தன. வர்க்கத்தைப் பற்றிப் பாடினார், கூலியைப் பற்றிப் பாடினார். அவர் குடியிருந்தது மும்பையின் முலுண்டு பகுதியில் ஒரு குடிசையில். பிற்காலத்தில் அந்த இயக்கத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார். அது அவரை எவ்வளவு வாட்டியது என்பதை ‘ஜெய் பீம் காம்ரேட்’ மறைக்காமல் பேசுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லாத ஒரு கலைஞனிடம் கட்டுப்பாடு பேசுவது எளிது. இதைச் சொல்வதற்காக இடதுசாரி நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். படத்தை எடுத்தவரும் இடதுசாரிச் சிந்தனை உள்ளவர்தான், அவரே இதைச் சொல்லாமல் விடவில்லை.

1997 ஜூலை 11. மும்பை காட்கோபரில் உள்ள ரமாபாய் அம்பேத்கர் நகர். விடிந்தபோது அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. மக்கள் திரண்டு நெடுஞ்சாலையை மறித்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் வந்தது, சுட்டது. 10 பேர் செத்தார்கள். எரிவாயு டேங்கர் லாரிகளைக் கூட்டம் கொளுத்தப் பார்த்தது, பெரும் விபத்தைத் தடுக்கவே சுட்டோம் என்றது போலீஸ். விசாரித்த நீதிபதி குண்டேவார் ஆணையம் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் நியாயம் இல்லை என்றது. சுடச் சொன்ன துணை ஆய்வாளர் மனோகர் கதமுக்கு 2009இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. நம் பக்கத்தில் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

துப்பாக்கிச் சூடு நடந்த நான்காம் நாள் விலாஸ் தன் குடிசையில் உயிரை மாய்த்துக்கொண்டார். சிவப்பைப் பாடி வந்த மனிதர் அன்று தலையில் நீலத் துணி கட்டியிருந்தார். அந்த முடிவைப் போற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பேசமாட்டேன். குடும்பம் பாதியில் நின்றது, ஒரு பெரிய பாடகன் போய்விட்டான். ஆனால், அந்த நீலத் துணி ஒரு கேள்வியை விட்டுப் போனது. வர்க்கம் பேசிய தோழர்களுக்குத் தன் சாதி எவ்வளவு புரிந்தது என்ற கேள்வி அது.

இனி படம் எடுத்தவரின் கதை. 1950இல் மும்பையில், விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர் பட்வர்தன். பிகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்தைப் பற்றி 1975இல் எடுத்த படம்தான் தொடக்கம். நெருக்கடி நிலை வந்ததும் அந்தப் படச்சுருளைத் துண்டு துண்டாக வெளிநாட்டுக்குக் கடத்த வேண்டியிருந்தது. அதன்பின் அரசியல் கைதிகள், குடிசைவாசிகள், அயோத்தி, அணுகுண்டு என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வழக்கு. தேசிய விருது ஒரு கையில் கொடுப்பார்கள், தூர்தர்ஷனில் போட மாட்டோம் என்று மறுகையால் தள்ளுவார்கள். அவர் நீதிமன்றம் போவார், ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வரும், படம் ஒளிபரப்பாகும். ‘ராம் கே நாம்’ படத்துக்கும் இதே கதைதான். ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் 21 இடங்களில் வெட்டச் சொன்னது தணிக்கைக் குழு. ஓர் இடமும் வெட்டாமல் காட்டலாம் என்று 2003இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது.

சினிமா என்றால் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர் என்று நினைக்கும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவை அவரே பிடிப்பார், எடிட்டிங்கையும் அவரே செய்வார். காட்டுவதற்குத் தியேட்டர் கிடைக்காது. தெரு, கல்லூரி, தொழிற்சங்க அலுவலகம், ஒரு வெள்ளைத் துணி போதும். வேறு யார் பணத்தையும் நம்பி இல்லாததால்தான் ஒரு படத்துக்கு 14 ஆண்டு காத்திருக்க முடிந்தது. வசதியான பின்னணி இல்லாத ஒருவரால் அப்படிக் காத்திருக்க முடியுமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை ‘ஹமாரா ஷஹர்’ படத்திலேயே ஒரு பெண் கேட்டுவிட்டார். வீடு இடிபட்ட கோபத்தில், ஏழைகளைப் படம் பிடித்து நீ பெயர் வாங்குவாய், எங்களுக்கு என்ன செய்வாய் என்கிற பொருளில் கேமராவைப் பார்த்தே திட்டுகிறார். வேறு இயக்குநராக இருந்தால் எடிட்டிங்கில் அதைத் தூக்கியிருப்பார். பட்வர்தன் அப்படியே வைத்தார். அந்தப் பெண்ணுக்குப் பதில் இருந்ததா என்றால், படத்தில் இல்லை. 14 ஆண்டு உழைப்பை அதற்கான பதிலாகச் சிலர் பார்க்கிறார்கள். தலித் வாழ்வைத் தலித் அல்லாதவர் படமாக்கும்போது பெயரும் விருதும் யாருக்குப் போகின்றன என்று தலித் எழுத்தாளர்கள் கேட்பதும் நியாயமே. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் விலாஸை இழந்துவிடுவோம். 1985இல் அந்தக் கேமரா அங்கே போயிருக்காவிட்டால், பாடும் விலாஸை அந்தப் படத்தில் இன்று நாம் பார்க்க முடியாது. நம் ஊர்களில் எழவு வீட்டில் மார்படித்துப் பாடிய எத்தனையோ தாய்மார்களின் பாட்டு எந்த நாடாவிலும் இல்லாமல் மண்ணோடு போனதை நினைத்துப் பாருங்கள்.

‘ஜெய் பீம் காம்ரேட்’ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். இரங்கற்பா போல ஒரே ஒருவரைச் சுற்றி நிற்காமல், விலாஸ் எங்கிருந்து வந்தார், அவரைப் போன்றவர்கள் இன்று எங்கே பாடுகிறார்கள் என்று தேடிக்கொண்டே போகிறது. ரமாபாய் நகர் மக்கள் குண்டு பாய்ந்த இடங்களைக் காட்டுகிறார்கள். லாரிகள் எங்கே நின்றன, சிலை எங்கே இருந்தது என்று தூரத்தை வைத்தே போலீஸ் சொன்ன கதை சோதிக்கப்படுகிறது. 2006இல் கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பம் கொல்லப்பட்டதும் வருகிறது. தலித் தலைவர்கள் தப்பவில்லை. எந்தக் கட்சியின் ஆட்சியில் துப்பாக்கிச் சூடு நடந்ததோ, அதே சிவசேனாவோடு பிறகு மேடையில் கைகோத்ததையும் படம் காட்டிவிடுகிறது. சம்பாஜி பகத் போன்ற ஷாஹிர்கள் இடையிடையே பாடுகிறார்கள். பாட்டை வைத்தே அரசியல் வரலாறு சொல்லும் படம் இது. நடுவில் சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

முதல் காட்சிகளுக்குக் குளிர்சாதன அரங்கு தேடவில்லை. மும்பையில் தலித் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்புகளில் திறந்தவெளியில் திரை கட்டிக் காட்டினார்கள். தங்கள் பாட்டையும் தங்கள் சாவையும் மக்கள் தங்கள் தெருவிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள்.

படத்தின் பின்பகுதியில் புனேயைச் சேர்ந்த ‘கபீர் கலா மஞ்ச்’ இளைஞர்கள் வருகிறார்கள். 2002 குஜராத் கலவரத்துக்குப் பிறகு உருவான குழு. அதில் ஷீத்தல் சாத்தே என்ற பெண் பாடுகிறார். பாட்டு எழுதுவதும் அவரே. காசேவாடிக் குடிசைப்பகுதிப் பெண். சாதிக் கொலையையும் வீட்டுக்குள் பெண் படும் பாட்டையும் ஒரே மூச்சில் பாடக்கூடியவர். அவருடைய தாயும் படத்தில் பேசுகிறார். விலாஸுக்குப் பிறகு யார் என்று கேட்கத் தோன்றும் இடத்தில் இந்தப் பெண் வந்து நிற்கிறார்.

படம் வெளிவந்த காலத்தில் அந்த இளைஞர்கள் தலைமறைவு. மாவோயிஸ்டுகள் என்று சொல்லி வழக்கு. மகாராஷ்டிர அரசு இந்தப் படத்துக்குத் தந்த விருதுத் தொகையைக் கொண்டே, அந்த மாநிலத்தில் தேடப்பட்ட பாடகர்களுக்காக ஒரு பாதுகாப்புக் குழுவை பட்வர்தனும் நண்பர்களும் அமைத்தார்கள். கேமரா பிடிப்பவர் சாட்சியாக மட்டும் நிற்க வேண்டும் என்று சினிமாப் பள்ளிகளில் சொல்லித் தருவதுண்டு. ஒரு பாடகனை ஏற்கெனவே பறிகொடுத்தவர் அப்படி நிற்கவில்லை.

2013 ஏப்ரல் 2 அன்று ஷீத்தல் சாத்தேயும் அவர் கணவர் சச்சின் மாலியும் மும்பை சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் வந்து, பாட்டுப் பாடியது குற்றமா என்று கேட்டுக் கைதானார்கள். ஷீத்தல் அப்போது கர்ப்பிணி. அந்த ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. சச்சினும் குழுவின் வேறு இருவரும் வெளியே வர 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருவரான சாகர் கோர்க்கேயும் ரமேஷ் காய்ச்சோரும் 2020 செப்டம்பரில் பீமா கோரேகாவ் வழக்கில் மீண்டும் கைதானார்கள்.

ஷீத்தல் வெளியே வந்து, குழந்தை பெற்று, மறுபடி மேடை ஏறினார். ‘நவயான் மகாஜல்சா’ என்பது அவருடைய குழுவின் பெயர்.