மடியில் கிடக்கும் கிதார்

இளையரசனேந்தல் கடைவீதியில் நமக்குத் தராசும் படிக்கல்லும் துணை. ஸ்டீல் கிதாருக்குப் படிக்கல்லே கிடையாது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்க வேண்டும். வீணைபோல் மெட்டில் விரல் வைக்கும் வேலை இல்லை. மயிரிழை விலகினாலும் சுருதி போய்விடும். காதுதான் கணக்கர்.

ஹவாயில் தோன்றிய இக்கருவியில் இந்துஸ்தானி ராகங்களை நிலைநாட்டியவர் ஜோத்பூர் பிரிஜ் பூஷண் காப்ரா. சாஸ்திரிய இசை மட்டுமே வாசிப்பதாகத் தந்தையிடம் வாக்குக் கொடுத்து, சரோத் மேதை அலி அக்பர் கானிடம் பயின்றவர். வாக்கு என்றால் வணிகர்களுக்கு விளக்க வேண்டுமா! 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் வந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் அவர் வாசிப்பைக் கேட்கலாம். 2018-இல் மறைந்தார்.

நம் கோட்டுவாத்தியமும் இதே வகைதான். அங்கே நகர்வது மரக்கட்டை.

நாற்பதைத் தாண்டித் தொடங்கலாமா? தொடங்கலாம். கடை அடைத்தபின் தினம் அரைமணி. முதலில் ஸ, ப மட்டும். அது நிற்கவே மாதங்கள் ஆகும்.