சூறாவளி என்னும் பெயர் பூண்ட விமானம்

1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 5ஆந் திகதி. அன்று உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மக்கள் காலை வழிபாட்டில் ஈடுபட்டிருந்த வேளையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அவற்றை எதிர்க்க வெள்ளவத்தைக்குத் தெற்கேயுள்ள இரத்மலானையிலிருந்தும், நகரின் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் பிரித்தானிய விமானங்கள் எழுந்தன. அவற்றின் பெயர் ‘ஹரிக்கேன்’. சூறாவளி என்பது பொருள். அந்நாளை நம் மூத்தோர் பலர் நெடுங்காலம் மறக்கவில்லை.

ஏழாண்டுகள் கழிந்தபின் பிரான்சில் மற்றொரு சூறாவளி பிறந்தது. பிரஞ்சு மொழியில் அதன் பெயர் ‘உராகான்’. முன்னையதன் மூக்கிலே சுழன்ற விசிறி இதற்கு இல்லை. இது ஜெட் விமானம். அதன் வரலாற்றையே இன்று நாம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

இதனை ஆக்கியவர் மார்செல் டஸோ. யூத குலத்திற் பிறந்த இவருடைய இயற்பெயர் மார்செல் புளொக். ஜெர்மானியருக்காக விமானம் ஆக்க மறுத்தமையால், 1944இல் இவர் புக்கன்வால்ட் என்னும் கொடிய சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஏப்ரிலில் விடுதலை பெற்றபோது உடல் மிக நலிந்திருந்தது; உள்ளம் நலியவில்லை. எதிர்ப்பியக்கத்தில் தம் சகோதரர் பூண்டிருந்த புனைபெயரைத் தழுவி, ‘டஸோ’ என்பதைத் தம் பெயராக்கிக்கொண்டார். யுத்தத்தால் நிலைகுலைந்திருந்த நாட்டில், 1949 பெப்ரவரி 28ஆந் திகதி உராகான் முதன்முறையாக வானேறியது.

ஜெட் விமானம் எவ்வாறு பறக்கின்றது என்று மாணவர்கள் வினவக்கூடும். ஊதிய பலூனின் வாயைக் கட்டாது விட்டால் காற்று பின்னே பாய, பலூன் முன்னே ஓடுகின்றதல்லவா? தத்துவம் அதுவே. முன்புறத்தால் உட்புகும் காற்று நெருக்கப்படுகின்றது. எரிபொருள் அதனோடு கலந்து எரிகின்றது. வெப்ப வாயு பின்புறத்தால் பெருவேகத்துடன் வெளியேற, விமானம் முன்னே தள்ளப்படுகின்றது. உராகானின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 940 கிலோமீற்றர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகைவண்டி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சேர ஒரு பகற்பொழுதின் பெரும்பகுதியை எடுத்தது. அந்தத் தூரத்தை இவ்விமானம் அரைமணி நேரத்திற்குள் கடந்துவிடும்!

இதனை முதன்முதலில் வாங்கிய அயல்நாடு இந்தியா. புதிதாய்ச் சுதந்திரமடைந்த அந்நாடு, போர் விமானங்களுக்குப் பிரித்தானியாவை மட்டுமே நம்பியிருக்க விரும்பவில்லை. 1953இல் 71 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது; பின்னர் மேலும் 33 வாங்கியது. ‘தூபானி’ என்று இந்தியில் பெயரிட்டது. அதுவும் புயலையே குறிப்பதாகும்.

எனினும் இப்புயலின் ஆயுள் குறுகியதாயிற்று. ஏன்? உராகானில் இருந்தது ‘நீன்’ என்னும் பிரித்தானிய யந்திரம். பிரான்சில் அனுமதி பெற்று ஆக்கப்பட்டது. அதே யந்திரத்தைச் சோவியத் நாடும் பெற்று, அதைப் பின்பற்றிய யந்திரத்தைத் தன் ‘மிக் 15’ விமானத்திற் பொருத்தியது. ஆனால் மிக்கின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. உராகானின் இறக்கைகளோ நேரானவை. ஒலியின் வேகத்தை அணுகும்போது நேரான இறக்கைக்கு ஏற்படும் தடை மிக அதிகம். ஆகவே மிக் மணிக்கு 1,000 கிலோமீற்றரைத் தாண்டியது. இதயம் ஒன்றாயினும் சிறகு வேறாயிற்று. வெற்றியும் அச்சிறகின் பக்கமே சென்றது. 1955ஆம் ஆண்டிலேயே பிரான்சில் ‘மிஸ்தேர் 4’ உராகானின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. இந்தியாவும் 1957 முதல் மிஸ்தேர், ஹன்ரர் ஆகிய விமானங்களைப் பெற்றது.

ஆயினும் முதுமை எய்திய விமானம் ஓய்ந்திருக்கவில்லை. 1956 ஒக்டோபர் 31ஆந் திகதி இஸ்ரவேலின் உராகான்கள் எகிப்திய யுத்தக் கப்பலான ‘இப்ராகிம் எல் அவ்வல்’ மீது றொக்கெற்றுகளை ஏவின. முன்னரே கடற்போரிற் சிக்கியிருந்த அக்கப்பல் சரணடைந்தது. 1961 டிசம்பரில் போர்த்துக்கேயர் வசமிருந்த டையூவைத் தூபானிகள் தாக்கின. 1965 ஏப்ரிலில் எல்லை தவறிச் சென்ற தூபானியொன்று பாகிஸ்தானில் இறங்க நேர்ந்தது; சிறைப்பட்ட விமானி பின்னர் தாயகம் திரும்பினார்.

இறுதி அத்தியாயமே மிகத் துயரமானது. 1975இல் மத்திய அமெரிக்க நாடாகிய எல் சல்வடோர், இஸ்ரவேல் கழித்துவிட்ட 18 உராகான்களை வாங்கியது. அயலார் படையெடுப்பைத் தடுக்க ஆக்கப்பட்ட விமானம், அங்கே உள்நாட்டு யுத்தத்தில் சொந்த மண்ணின் மீதே குண்டு வீசியது. 1982 ஜனவரியில் கிளர்ச்சியாளர் விமானத்தளத்தினுட் புகுந்து, நின்ற நிலையிலேயே அவற்றுட் பலவற்றைத் தகர்த்தனர்.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. 1951இல் நிறுவப்பட்ட இலங்கை விமானப்படைக்கு 1959இல் வந்த முதல் ஜெட் விமானங்களான ‘ஜெட் புரொவோஸ்ட்’, பயிற்சிக்காகவே வந்தன. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அவை உள்நாட்டிலேயே குண்டு வீசின. பிற்காலத்தில் வடபுலத்துச் சிறுவர் பலர் ஜெட் விமானத்தின் ஓசையை முதன்முதலிற் கேட்டது பதுங்கு குழிக்குள் இருந்தேயாகும்.

சிறை முகாமிலிருந்து மீண்ட ஒருவர், தம் நாடு மீண்டும் அடிமைப்படலாகாது என்றிருந்த காலத்திற் படைத்த விமானம் அது. படைத்தவர் கையை விட்டு நீங்கியபின், அது எவர் தலைமேற் பறக்கும் என்பதை அவரால் நிர்ணயிக்க முடியவில்லை. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்கள், யந்திரம் எவ்வாறு பறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். அது எதற்காகப் பறக்கின்றது என்று கேட்கவும் அவர்கள் தயங்கலாகாது.