பழைய பொறியிற் புதிய பெட்டகம்

ஓலைச்சுவடி என்றும் நின்று நிலவும் பொருளன்று. கறையானும் ஈரமும் அதனை அரித்துவிடும். அங்ஙனமிருந்தும் பண்டைத் தமிழ் நூல்கள் பல எம் கைக்கு எட்டியமை ஓலையின் வலிமையாலன்று. பழுதுறுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தோரின் ஊக்கத்தாலேயாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியுள்ளவற்றைப் பின்னர்த் தேடிப் பெறலாயிற்று, படியில்லாதன போயினவே.

இன்று எம் வீட்டு ஏடுகள் வேறு உருவின. பெற்றோரின் குரற்பதிவு, திருமணப் படங்கள், காணி உறுதியின் நிழற்படி, பழைய கல்லூரி மலர்களின் பக்கங்கள் ஆகிய யாவும் ஒரு கைத்தொலைபேசியிலோ ஒரு வன்தட்டிலோ ஒற்றைப் படியாகக் கிடக்கின்றன. மாதந்தோறும் கட்டணம் செலுத்தி இணையத்திற் சேமித்தல் ஒரு வழி. ஆயின் படங்கள் பெருகுந்தோறும் கட்டணமும் பெருகும். மற்றொரு வழி, வீட்டிலேயே ஒரு சேமிப்புச் சேவையகத்தை அமைத்தல். வீட்டிலுள்ளோர் யாவரும் தத்தம் தொலைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் கோப்புகளை இடவும் எடுக்கவும் வலையமைப்பிற் காத்து நிற்கும் ஒரு கணினியே அது. இதற்குப் புதுப்பொறி வேண்டுவதில்லை.

வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன் வழிவந்த வின்டோஸ் 11, இன்ரெலின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளுட் பெரும்பாலனவற்றை ஏற்பதில்லை. ஆதலின் அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக்கணினிகள் பழுதற்றனவாயினும் மலிவாகக் கிடைக்கின்றன. கோப்புகளைக் காத்தற்கு ஆறாந் தலைமுறைச் செயலியும் 8 கிகாபைற் நினைவகமும் போதும். வாங்குமுன் பெட்டியைத் திறந்து, மூன்றரை அங்குல வன்தட்டு இரண்டேனும் பொருத்த இடமுண்டா, தாய்ப்பலகையிற் சாட்டா இணைப்பு வாய்கள் மூன்றேனும் உளவா என்பவற்றைக் காண்க. மிகச் சிறிய பெட்டிகளில் இவ்விடம் இராது.

இனி, எதனைப் பழையதாய் வாங்கலாம், எதனை வாங்கலாகாது என்பதை ஆராய்வோம். செயலி, நினைவகம், தாய்ப்பலகை, பெட்டி ஆகியவை பழையனவாயினும் தீங்கில்லை. அவை பழுதுற்றாற் பொறி நிற்குமேயன்றிக் கோப்புகள் பெரும்பாலும் அழியா. மின்வழங்கியோ அத்தகையதன்று. அது கெட்டு மிகை மின்னழுத்தத்தைச் செலுத்துமாயின், வன்தட்டுகள் யாவும் ஒருங்கே கெடக்கூடும். ஆதலின் அதற்குச் சிறிது செலவிடத் தயங்கலாகாது.

வன்தட்டு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. புதியதை வாங்க இயலாதார் பழையதைச் சோதித்து வாங்குக. ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தன்னுள்ளேயே எழுதி வைக்கின்றது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதனைப் படித்துக் காட்டும். ஓடிய மணிநேரத்தை முதலில் நோக்குக. ஓராண்டுக்கு 8,760 மணிநேரம். எனவே 40,000 எனக் காட்டுவது இடையறாது நான்கரை ஆண்டு உழைத்த தட்டு. இதனினும் முதன்மையானவை 5ஆம், 197ஆம் எண்ணுள்ள குறிப்புகள். முன்னது பழுதுற்று மாற்றீடு செய்யப்பட்ட பகுதிகளையும், பின்னது படிக்க இயலாது ஐயத்தில் நிற்கும் பகுதிகளையும் காட்டும். இரண்டும் சுழியமாயிருத்தல் வேண்டும். பின்னர்த் தட்டு முழுவதையும் படிக்கும் நீண்ட சோதனையை நடத்துக. 4 ரெறாபைற் தட்டுக்கு இது ஏழெட்டு மணிநேரத்துக்குக் குறையாது. அதுவரை பொறுக்க மனமில்லாத விற்பனையாளரிடம் வாங்காதிருத்தலே நன்று.

மலிவான தட்டுகள் பலவற்றை இணைத்து, ஒன்று கெட்டாலும் மற்றையவை காக்குமாறு செய்யலாம் என்பதைக் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகிய மூவர் 1988இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். றெயிட் எனப்படுவது இம்முறையே. இதன் எளிய வகை ஆடி முறை. 4 ரெறாபைற் தட்டுகள் இரண்டைப் பூட்டினால், ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் எழுதப்படும். பயன்படும் இடம் 4 ரெறாபைற்றே. அதில் 4 மெகாபைற் அளவுள்ள படங்கள் ஏறத்தாழப் பத்திலட்சம் அடங்கும். இவற்றை ஆளுதற்கு ஓப்பன்மீடியாவோல்ட், ட்ரூநாஸ் முதலிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னது குறைந்த நினைவகத்திலும் இயங்கும்.

ஈண்டு ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் வேண்டும். ஆடியிற் தோன்றுவது பிறிதோர் உருவன்று; அதுபோல இவ்விரண்டாந் தட்டும் பிறிதொரு படியன்று. குழந்தையொன்று ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் ஒருங்கே அழியும். மின்னல் தாக்கினும், கள்வன் பெட்டியை எடுத்தேகினும் இரண்டும் ஒருங்கே போம். ஆதலின் மாதம் ஒருமுறையேனும் ஒரு வெளித்தட்டிற் படியெடுத்து, அதனை வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும். அவ்வாறு வைத்த படியினின்று சில கோப்புகளை இடையிடையே திறந்தும் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படியை நம்புதல் எண்ணிப் பாராத காசை நம்புதல் போலாம்.

மின்செலவையும் கணக்கிடுக. 40 வாற்று வாங்கும் பொறி நாள் முழுவதும் ஓடினால், மாதத்துக்கு ஏறத்தாழ 29 அலகு செலவாகும். நம் நாட்டில் அலகு கூடக்கூட வீதமும் கூடுதலின், இரவிற் பொறியை நிறுத்திவைப்பது சிக்கனம். மின்தடை நேருங்கால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு சிதையாதிருக்க யூபிஎஸ் ஒன்று வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்கும் ஆசையால், போதிய காப்பின்றிச் சேவையகத்தை இணையத்துக்குத் திறந்துவிடலும் ஆகாது.

நம் பழைய மாணவர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரந்து வாழ்கின்றனர். ஒவ்வொருவர் பெட்டியிலும் கல்லூரியின் ஏதோ ஒரு பழம்படமோ மலரோ பிறரிடம் இல்லாத ஒன்றாக இருத்தல் கூடும். அதனைப் படியெடுத்துத் தம் வீட்டில் ஒன்றும், வேறு ஊரிலுள்ள வகுப்புத் தோழரிடம் ஒன்றுமாக வைப்பாராயின், ஓரிடத்து நேரும் அழிவு அதனை முற்றும் அழிவாக்காது. இதற்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று; கழித்துவிட்ட ஒரு கணினியும், சோதித்தெடுத்த தட்டுகளும், மாதத்தில் ஒருநாட் பொழுதுமேயாம்.